நாலு முதல் பரிசும் ஒரு ஆறாம் இடமும்

ஒரே பந்தயம். ஒரே ரோடு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடி அசைக்கிறார்கள். ஆனால் முடிவில் நாலு அணிக்கு முதல் பரிசு!

'இதென்ன சார், காலனி பொங்கல் விழாவில் அழுகிற குழந்தைக்கெல்லாம் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கொடுக்கிற கதையா இருக்கே?' என்று சிரிக்காதீர்கள். ஆடி, டொயோட்டா, ஃபெராரி, போர்ஷே என்று பெரிய கம்பெனிகளெல்லாம் கோடி கோடியாகக் கொட்டி ஓட்டுகிற கார் பந்தயம் இப்படித்தான் நடந்தது. (இங்கே ஆடி என்பது துணிக்கடையில் தள்ளுபடி தருகிற மாதம் அல்ல. ஜெர்மன்காரர்களின் கார். தள்ளுபடி கிடையாது.)

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி மூன்றாவதாக வந்தபோது தமிழ்நாடே விசிலடித்தது ஞாபகம் இருக்கும். '992 பிரிவில் மூன்றாவது இடம்' என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். "992 பேர் ஓடினாங்களா சார்? அதுல மூணாவதா?" என்று எங்கள் தெரு அயர்ன்காரர் பிரமித்துப் போனார். இல்லை. 992 என்பது போர்ஷே 911 காரின் ஒரு தலைமுறைக்குக் கம்பெனி வைத்த நம்பர். அந்த வகைக் கார்களுக்கு என்று ஒரு பிரிவு. அதில் மூன்றாவது. அதே ரோட்டில் அதே நேரத்தில் வேறு பிரிவுக் கார்களும் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த 'பிரிவு' சமாசாரம் நமக்கு அஜித் மூலமாகத்தான் அறிமுகம். ஆனால் அதற்குப் பதிமூன்று வருஷம் முன்பே இப்படிப்பட்ட பந்தயம் ஒன்றில் ஒரு சென்னைப் பையன் போய் ஓட்டிவிட்டு வந்திருக்கிறார். பெயர் கருண் சந்தோக். அதுவும் சாதாரண வருஷத்தில் அல்ல. 2012-ல், 'உலக எண்ட்யூரன்ஸ் சாம்பியன்ஷிப்' என்ற தொடர் பிறந்து, முதல் அடி எடுத்து வைத்த வருஷத்தில்.

எண்ட்யூரன்ஸ் என்றால் தமிழில் தாக்குப்பிடித்தல். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஃபார்முலா 1 பந்தயம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எல்லாம் ஒரே வகைக் கார்கள், ஒரு காருக்கு ஒரே டிரைவர். எண்ட்யூரன்ஸ் அப்படியல்ல. குறைந்தது ஆறு மணி நேரம். பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் (எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' வரும், பேசும்போது பிரெஞ்சுக்காரர்கள் அதை மிச்சம் பிடித்துவிடுவார்கள்) சனிக்கிழமை பிற்பகலில் ஆரம்பித்தால் ஞாயிறு பிற்பகல் வரை 24 மணி நேரம். ஒரு காருக்கு மூன்று பேர், முறை வைத்து ஓட்ட வேண்டும். ஒருத்தரே மொத்தம் 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம். நம் ஊர் லாரி டிரைவர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

2012-ல் நாலு பிரிவுகள். மேல் தட்டில் எல்.எம்.பி-1. பந்தயத்துக்கென்றே செய்த, பார்த்தால் பறக்கும் தட்டு போலிருக்கும் ராட்சசர்கள். அடுத்தது எல்.எம்.பி-2. அதே ஜாடைதான், ஆனால் தனியார் அணிகளுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று செலவுக்குக் கடிவாளம் போட்டது. மூன்றாவது ஜி.டி.இ. புரோ. ஃபெராரி, போர்ஷே, கார்வெட் என்று ஷோரூம் கண்ணாடியில் நாம் மூக்கை அழுத்திப் பார்க்கிற கார்களின் பந்தய அவதாரம். நாலாவது ஜி.டி.இ. ஆம். கார் அதேதான், ஆனால் போன வருஷத்து மாடலாகவாவது இருக்க வேண்டும். ஓட்டுகிறவர்களில் பந்தயமே பிழைப்பாக இல்லாதவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் பிரிவை மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சுலபமாக விளக்கலாம். மார்கழி சீசனில் சபாவுக்கு நன்கொடை கொடுத்த பிரமுகர், "நானும் அரை மணி பாடுவேன்" என்று மேடை ஏறினால் எப்படி இருக்கும்? பக்கத்தில் நிஜ வித்வான் ஒருத்தர் உட்கார்ந்து சுருதி தப்பாமல் பார்த்துக்கொள்வார். அதேதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிரமுகர் பாடியே ஆக வேண்டும் என்று ரூலே இருக்கிறது.

ஆக, ஒரே ரோட்டில் நாலு வேகம். மந்தைவெளி ஆர்.கே. மடம் ரோட்டில் நித்தமும் நடக்கிற சங்கதிதான். மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோ, ஸ்கூட்டியில் பாட்டு கிளாஸுக்குப் போகிற மாமி, தண்ணீர் லாரி, கீரை வைத்த மூன்று சக்கர சைக்கிள். நாம் அதை டிராபிக் என்கிறோம், அவர்கள் அதை உலக சாம்பியன்ஷிப் என்கிறார்கள்.

*

பி.காம். படித்தவன் எதையும் முந்தைய வருஷத்துக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பான். பார்த்தேன். இந்த மாதிரி உலகத் தொடர் 2012-ல் ஆரம்பித்தது என்றாலும், இதற்கு ஒரு கொள்ளுத் தாத்தா உண்டு. 1953-ல் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான உலக சாம்பியன்ஷிப் முதன்முதலில் தொடங்கியது. 1992 வரை ஓடி, ஆளும் அணியும் குறைந்து மூச்சை நிறுத்தியது. இருபது வருஷம் கழித்து 2012-ல் மறுபிறவி.

1953-ல் முதல் பந்தயம் நடந்த இடம் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் உள்ள செப்ரிங். 2012-லும் முதல் பந்தயம் அதே செப்ரிங்தான், 12 மணி நேரம். செப்ரிங் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவ விமானத் தளம். போர் முடிந்ததும் சும்மா கிடந்த ஓடுதளத்தில் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஓர் இடம் ஞாபகம் வருமே? சோழவரம்! சென்னைக்கு வடக்கே, வெயில் கொளுத்துகிற அந்தப் பழைய ஓடுதளத்தில்தான் பல வருஷங்கள் மெட்ராஸின் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கிய வருஷம் எது தெரியுமா? அதே 1953. பிற்பாடு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிஜமான ரேஸ் டிராக் வந்தது.

கருண் சந்தோக் இந்தச் சோழவரத்துப் பரம்பரை. தாத்தா இந்து சந்தோக், சென்னையில் மோட்டார் பந்தயத்தை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். அப்பா விக்கி சந்தோக், ரேஸ், ராலி இரண்டிலும் பேர் போனவர். பேரன் 2010-ல் ஃபார்முலா 1 வரை போனார். கிடைத்தது என்னவோ வரிசையின் கடைசியில் தள்ளாடிக்கொண்டிருந்த புத்தம் புது அணி. பாதி சீசனில் அந்த இடமும் கை நழுவியது. அதற்கப்புறம்தான் 2012-ல் ஜே.ஆர்.எம். என்ற பிரிட்டிஷ் தனியார் அணியின் எல்.எம்.பி-1 கார் வந்து வாய்த்தது.

*

அந்த முதல் சீசனே பிறக்கும்போதே மாந்தம் வந்த குழந்தை மாதிரி இருந்தது. ஆடிக்குச் சரியான எதிரி பிரான்ஸின் பெஜோ கம்பெனி. 2012 ஜனவரியில், முதல் பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 'கார் விற்பனை சரியில்லை, கணக்கு இடிக்கிறது, நாங்கள் வரவில்லை' என்று பெஜோ கையை விரித்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கின மாதிரி. நல்ல வேளையாக டொயோட்டா கை கொடுத்தது. செப்ரிங்கிலும் பெல்ஜியத்து ஸ்பாவிலும் அவர்கள் கார் இல்லை. ஜூனில் லெ மானில்தான் முதல் தரிசனம். செப்டம்பரில் பிரேசிலில் ஓட்டிய மூன்றாவது பந்தயத்திலேயே ஜெயித்துவிட்டார்கள். சீசன் முடிந்தபோது எட்டுப் பந்தயத்தில் ஆடிக்கு ஐந்து, டொயோட்டாவுக்கு மூன்று.

முதல் சாம்பியன்கள் ஆடியின் ஆந்த்ரே லாட்டரர், மார்செல் ஃபாஸ்லர், பெனுவா த்ரெலுயே மூவரும். லெ மானையும் அவர்களே ஜெயித்தார்கள். பெட்ரோலியத்தோடு மின்சாரமும் சேர்ந்து ஓடுகிற ஹைப்ரிட் கார் ஒன்று லெ மானை ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

இந்த லாட்டரருக்கும் நமக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. 2009-ல் லெ மானில் ஒரு தனியார் ஆடியை அவரோடு சேர்ந்து ஓட்ட வேண்டியவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். தகுதிச் சுற்றெல்லாம் முடிந்து, பந்தயம் ஆரம்பிக்கப் போகிற சமயம். பிட் சுவரிலிருந்து இறங்கும்போது தடுமாறி விழுந்து நரேனுக்குத் தோள்பட்டை நழுவிவிட்டது. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஒன்றும் ஆகாதவருக்கு ஒரு சுவரில் கண்டம்! மிச்சம் இரண்டு பேரே 24 மணி நேரமும் ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். அதனால்தான் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை மூன்று வருஷம் காத்திருந்து கருணுக்கு வந்தது.

கருணின் காரில் கூட ஓட்டிய இருவர் யார் என்று பாருங்கள். ஒருத்தர் டேவிட் பிராபம். மூன்று முறை ஃபார்முலா 1 சாம்பியனான ஜாக் பிராபமின் மகன். 2009-ல் லெ மானை ஜெயித்தவரும்கூட. இன்னொருத்தர் ஸ்காட்லாந்துக்காரர் பீட்டர் டம்பிரெக். 1999-ல் இதே லெ மானில் இவர் ஓட்டிய மெர்சிடிஸ் கார் காற்றில் எழும்பி, குட்டிக்கரணம் அடித்து, தடுப்பைத் தாண்டி மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. பிழைத்து வந்து, பதிமூன்று வருஷம் கழித்து அதே ரோட்டில் மறுபடி ஓட்டுகிறார். நாம் ஸ்கூட்டரிலிருந்து ஒரு தடவை விழுந்தால் அந்தத் தெருவையே மாற்றிக்கொள்கிறோம்.

மூன்று பேரும் ஒரு பகல், ஒரு ராத்திரி ஓட்டி 357 சுற்று முடித்தார்கள். ஒரு சுற்று 13.629 கி.மீ. சென்னையிலிருந்து டில்லிக்கு ரோடு வழியாகப் போய், திரும்பி வந்து, வீட்டுக்குப் போகாமல் அப்படியே மதுரைக்கும் போய்ச் சேர்ந்த தூரம். கிடைத்த இடம் ஆறு.

*

"ஆறாவதா?" என்றார் எதிர் ஃபிளாட் மாமா. ஏஜீஸ் ஆபீஸில் ஆடிட் பண்ணி ரிடையர் ஆனவர். "ஆறாவதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? முதல்ல வந்தவனைப் பத்தி எழுதேன்டா."

2017-லிருந்து தமிழ்நாட்டில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் யார் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள் அல்லவா? அதைத் தனக்கு நேர்ந்த சொந்த நஷ்டமாகக் கருதுகிறவர் அவர். பேரன் கணக்கில் 94 வாங்கி வந்தால், "மிச்சம் ஆறு எங்கே?" என்று ஆடிட் அப்ஜெக்‌ஷன் போடுவார். அந்தப் பையன் இப்போதெல்லாம் மார்க்கை அம்மாவிடம் மட்டும், சமையலறையில், குக்கர் விசில் சத்தத்தில் சொல்கிறான்.

"மாமா, முன்னாடி வந்த அஞ்சு காரும் யாரோடது கேளுங்கோ" என்றேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, நாலும் ஆடி. கம்பெனியே நேரா இறங்கின அணி. நாலாவது ரெபெல்லியன்னு ஒரு தனியார் அணி. அடுத்தது இவா. தனியார் அணிகள்ல ரெண்டாவது."

"ஓ" என்றார். பட்ஜெட் என்றதும் ஆடிட்டர் விழித்துக்கொள்கிறார். "கம்பெனி காசு வேற, கைக்காசு வேற. அது நியாயம்."

"அதனாலதான் தனியார் எல்.எம்.பி-1 அணிகளுக்குன்னு அந்த சீசன்ல தனிக் கோப்பையே வெச்சிருந்தா. அதை ரெபெல்லியன் வாங்கித்து. இன்னொண்ணு சொல்றேன். லெ மான்ல ஏழாவதா வந்தது ஸ்டார்வொர்க்ஸ்னு ஒரு அணி. அவா மேடையேறி முதல் பரிசு வாங்கினா."

"ஏழாவதுக்கு முதல் பரிசா?"

"எல்.எம்.பி-2-ல அவாதான் முதல்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறாவதுக்குக் கோப்பை இல்லை, ஏழாவதுக்கு உண்டு என்பது அவருடைய நாற்பது வருஷ சர்வீஸில் பார்க்காத கணக்கு. கடைசியில், "அப்ப ரேங்க்குன்னு சொன்னா எந்த கிளாஸ்னு சொல்லணும்ங்கறே" என்றார். இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். நான் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் நடக்கிற பாதிச் சண்டைக்கு மூலம் இதுதான். தனி பட்ஜெட், தனி எஞ்சின், தனி வயசு உள்ளவர்களையெல்லாம் ஒரே மார்க் ஷீட்டில் போட்டு, 'அவன் பார், நீ பார்' என்கிறோம். டியூஷன் மூன்று வைத்தவனையும், ராத்திரி அப்பாவின் கடையில் உட்கார்ந்து படித்தவனையும் ஒரே தராசில் வைக்கிறோம். கார்களுக்குக் காட்டுகிற இந்த நியாயத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினால் குறைந்தா போய்விடும்?

*

நாலு வேகம் ஒரே ரோட்டில் என்றால் பரிசு மட்டும் பிரச்னை இல்லை. உயிரும் இருக்கிறது.

லெ மானில் எல்.எம்.பி-1 காருக்கும் ஜி.டி.இ. காருக்கும் ஒரு சுற்றுக்கு அரை நிமிஷம் போல வித்தியாசம். அதாவது ஒவ்வொரு பெரிய காரும் ஒவ்வொரு சின்னக் காரையும் அரை மணிக்கு ஒரு தரம் தாண்டும். பகலில், ராத்திரியில், மழையில், தூக்கக் கலக்கத்தில். 56 கார் ஓடினால் எத்தனை தடவை தாண்டுவது என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

2012-ல் ஐந்தாவது மணி நேரத்தில் ஆந்தனி டேவிட்சன் ஓட்டிய டொயோட்டா, ஜி.டி.இ. ஆம் பிரிவு ஃபெராரி ஒன்றைத் தாண்டும்போது இரண்டும் உரசின. டொயோட்டா அப்படியே காற்றில் எழும்பிப் புரண்டு தடுப்பில் மோதியது. ஃபெராரியும் கவிழ்ந்தது. டேவிட்சனுக்கு முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. (பிழைத்தார், தேறினார், 2014-ல் இதே தொடரில் உலக சாம்பியனும் ஆனார்.)

அதே மாலையில் இன்னொரு டொயோட்டா, டெல்ட்டாவிங் என்ற காரை இடித்துச் சுவரில் தள்ளியது. டெல்ட்டாவிங் பரிசுக்கு ஓடவில்லை. ராக்கெட் மாதிரி மூக்கு வைத்த பரீட்சார்த்தக் கார். அதிலிருந்த ஜப்பானியர் சதோஷி மோடோயாமா இறங்கி, நொறுங்கின காரைத் தானே ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். டிராக்கில் நிற்கும் காரை மெக்கானிக் யாரும் தொடக் கூடாது என்பது ரூல். அவர்கள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, 'அதைக் கழற்று, இதை முடுக்கு' என்று வழி சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் தனியாளாகப் போராடினார். முடியவில்லை. அழுதுவிட்டார். பரிசே கிடையாத காருக்காக! அவருக்கு அந்தக் காரை முடிவு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதனால்தான் பல பிரிவுப் பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வேகமான கார் வருகிறது என்று மெதுவான காருக்கு நீலக் கொடி காட்டுவார்கள். உடனே அவர் பதறிப்போய் ஓரம் ஒதுங்க வேண்டியதில்லை. ஒதுங்கினால்தான் ஆபத்து. தன் போக்கில், தன் கோட்டில், திடீர்த் திருப்பம் இல்லாமல் போனால் போதும். சுற்றிக்கொண்டு பத்திரமாகத் தாண்டுவது வேகக்காரர் பாடு. எஞ்சின் பெரிசு என்றால் கவலையும் பெரிசு.

நம் ஊரில் இது தலைகீழ். காருக்குப் பயந்து ஸ்கூட்டர், ஸ்கூட்டருக்குப் பயந்து சைக்கிள், எல்லாவற்றுக்கும் பயந்து நடக்கிறவர். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் யாரும் கோப்பைக்காக ஓடவில்லை. ஆபீஸுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், பால் பாக்கெட் வாங்கவும் போனவர்கள்.

ஜே.ஆர்.எம். அணி அடுத்த வருஷம் அந்தத் தொடருக்கு வரவில்லை. கைக்காசு எத்தனை நாள் வரும்? கருண் அதற்கப்புறமும் சில வருஷம் லெ மானில் எல்.எம்.பி-2 ஓட்டினார். பிறகு டி.வி.யில் ஃபார்முலா 1 பற்றிப் பேசுகிறவராக உலகம் முழுக்கத் தெரிந்த முகமானார். அந்த நாலு பிரிவுகளும் இப்போது இல்லை. 2024-லிருந்து அந்த உலகத் தொடரில் ஹைப்பர்கார், எல்.எம்.ஜி.டி-3 என்று இரண்டே பிரிவு. பெயர் மாறினாலும் வேகக்காரர் பார்த்துத்தான் தாண்ட வேண்டும் என்பது மாறவில்லை.

மந்தைவெளியில் அதை அமல்படுத்த நீலக் கொடி வாங்கப் போவதில்லை. மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்த இடத்தில் ரோடு ஒடுங்கும்போது, முன்னால் கீரை வண்டிக்காரர் தன் கோட்டில் நிதானமாகப் போனால், அவர் அவருடைய பிரிவில் சரியாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பத்திரமாகத் தாண்டுவது நம் பாடு. ஹாரன் அடிப்பது அதில் சேராது.